ஊசிமுனையில் எண்ணுங்கள்: மாற்றுக்கான விழித்திரைக் கலங்களைக் கையாளப் பழகுபவர்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து உயர்தரத்தைத் தமிழில் முடித்துவிட்டுப் பேராதனைக்கு வரும் மாணவர்கள், கல வளர்ப்பு ஆய்வுகூடத்தில் முதல் நாள் பெறும் செயன்முறைக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். எத்தனை மில்லிலீற்றர், எத்தனை நிமிடம் என்று அது சொல்லும். ஏன் என்று பெரும்பாலும் சொல்லாது. கலங்கள் இறந்துபோவது அந்த ‘ஏன்’ தெரியாத இடங்களில்தான். அதனால் விழித்திரைக் கலங்களோடு வேலை தொடங்குபவர்களுக்காக இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடுவையில் எத்தனை கலங்கள் உயிரோடு இருந்தன என்ற எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஊசியின் முனையைத் தாண்டி வெளியே வந்தவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, அவற்றில் எத்தனை மறுநாள் வளர்ப்புத் தட்டில் ஒட்டி நிற்கின்றன என்ற இரண்டு எண்களே மாற்றுக்கு, அதாவது கலத்தை இன்னொரு கண்ணில் வைப்பதற்கு, பயன்படுபவை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டு எண்களைக் காப்பாற்றுவதற்கானது.

எந்தக் கலம் என்பதில் தெளிவு வேண்டும்

கண் மாற்று என்றதும் இலங்கையில் எல்லோருக்கும் கண்தானம் நினைவுக்கு வரும். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் கண்களை அனுப்பியது. அங்கே மாற்றப்படுவது கண்ணின் முன்பக்கத்திலுள்ள விழிவெண்படலம். அதற்குக் குருதிக்கலன்கள் இல்லை. தகுந்த ஊடகத்தில், அதாவது கலங்களைக் காக்கும் ஊட்டத் திரவத்தில், 4 பாகை செல்சியசில் நாட்கணக்கில் தாங்கும். விழித்திரை அப்படிப்பட்டதல்ல. நிறைக்கு நிறை பார்த்தால், உடலில் மிக அதிகமாக ஒட்சிசனைச் செலவிடும் இழையங்களில் அதுவும் ஒன்று. குருதியோட்டம் நின்ற நிமிடத்திலிருந்து அதன் இழப்பு தொடங்குகிறது.

விழித்திரையில் மாற்றுக்காக அதிகம் ஆராயப்படுபவை இரண்டு வகைக் கலங்கள். ஒன்று, ஒளியை வாங்கும் கோல்களும் கூம்புகளும். ஒரு மனிதக் கண்ணில் ஏறத்தாழ 12 கோடிக் கோல்களும் 60 இலட்சம் கூம்புகளும் இருக்கின்றன. மற்றது, அவற்றின் பின்னால் ஒற்றைப் படையாக நிற்கும் நிறமேலணிக் கலங்கள். ஒளிவாங்கிகள் நாள்தோறும் உதிர்க்கும் நுனிகளை விழுங்கிச் செரிப்பவை இவை. இவை அழிந்தால் முன்னே நிற்கும் ஒளிவாங்கிகளும் பிழைப்பதில்லை. முதுமையில் மையப் பார்வை தேயும் நோயில் நடப்பது இதுதான்.

மனிதரிடம் வெகுதூரம் சென்றிருப்பது நிறமேலணிக் கல மாற்று. அமெரிக்காவில் 18 நோயாளிகளுக்கு, கருநிலை மூலக்கலங்களிலிருந்து (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடியவை அவை) பெற்ற நிறமேலணிக் கலங்கள் 50,000, 1,00,000, 1,50,000 என்ற மூன்று அளவுகளில் ஊசி மூலம் செலுத்தப்பட்டன. 2014 செப்டெம்பரில் ஜப்பானின் கோபே நகரில், மசாயோ தகாஹாஷியின் ஆய்வுக் குழு, ஒரு நோயாளியின் தோல் கலங்களையே மூலக்கலங்களாக மாற்றி, அவற்றிலிருந்து வளர்த்த நிறமேலணித் தகட்டை அவருடைய கண்ணில் வைத்தது. திரவத்தில் தனித்தனியாக மிதக்கும் தொங்கலாகச் செலுத்துவதா, தகடாக வைப்பதா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. கலம் பிழைப்பதைப் பொறுத்தவரை அதுதான் மையக் கேள்வி; கலத்தைப் பிரித்தெடுக்கும் படியில் காரணம் புரியும்.

புதிதாகத் தொடங்குபவர் நிறமேலணியிலேயே தொடங்கட்டும். அதிலும் முதலில் ஆய்வுகூடத்தில் தொடர்ந்து பெருக்கக்கூடிய, ஏஆர்பிஈ-19 என்ற நிலையான நிறமேலணிக் கல வரிசையில் கைபழகுங்கள். 19 வயது இளைஞர் ஒருவரின் கண்ணிலிருந்து உருவாக்கப்பட்டு, 1996இல் விவரிக்கப்பட்டது அது. முரட்டுத்தனத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

மலைக்கேற்ப கருவிகளைச் சரிபாருங்கள்

ஆங்கிலக் குறிப்புகள் கடல்மட்டத்துக்காக எழுதப்பட்டவை. நாம் இருப்பது மலையில். கண்டி, பேராதனைப் பகுதி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வித்தியாசம் சிறியது. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே அது பெரியது. வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்கே அங்கு உண்டு. தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவின் அமுக்கமானி 15 இறாத்தலைக் காட்டினாலும் உள்ளே 121 பாகை வராது. 118க்குச் சற்றுக் கீழேயே நிற்கும். அமுக்கமானியை நம்பாமல் வெப்பமானியைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுங்கள்.

இன்கியூபேட்டரிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே 5 சதவீதம் காபனீரொட்சைட்டு என்று வைத்தால் கலத்துக்குக் கிடைப்பது கடல்மட்டத்தின் 4 சதவீதத்துக்குச் சமம். ஊடகத்தின் பீஎச் பெறுமானம் சுமார் 0.1 அளவு ஏறும். 6 சதவீதத்துக்குச் சற்று மேலே வைத்தால் சரியாகும்.

கண் வந்த நேரத்தை எழுதுங்கள்

ஏஆர்பிஈ-19இல் கைபழகிய பின் பன்றிக் கண்ணுக்கோ ஆட்டுக் கண்ணுக்கோ போவீர்கள். கொல்களத்திலிருந்து பெறுவதானாலும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் கேட்டுவிட்டே பெறுங்கள். நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் இருப்பது நமக்கு வசதி. விலங்கு இழையங்களை எப்படிக் கையாள்வது என்று கேட்க அறிந்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள்.

கொழுந்து பறித்த வீட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் படியை விளக்கவே தேவையில்லை. சாக்கில் திணித்துவைத்த கொழுந்து தொழிற்சாலைக்குப் போகும் முன்பே சூடேறிச் சிவந்துவிடும். அதன் தரம் பறித்த நேரத்திலிருந்தே எண்ணப்படுகிறது. கண்ணும் அப்படித்தான். விலங்கு இறந்த நேரம், கண் எடுத்த நேரம், ஊடகத்தில் இட்ட நேரம் மூன்றையும் குப்பியிலேயே எழுதுங்கள். பனிக்கட்டியின் மேல் கொண்டுவாருங்கள், ஆனால் கண் பனிக்கட்டியை நேராகத் தொடக் கூடாது. வெறும் தண்ணீரிலும் இடாதீர்கள்.

நேரம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு 2022இல் வெளியான ஓர் ஆய்வு சான்று. உறுப்புத் தானம் செய்தவர்களின் கண்களில், இறந்து 5 மணித்தியாலம் வரை, ஒளிவாங்கிகளை ஒளிக்கு விடையளிக்க வைக்க முடிந்தது. ஆனால் அவை அடுத்த படைக் கலங்களுக்குச் செய்தி கடத்தும் திறனைக் காப்பாற்ற, 20 நிமிடங்களுக்குள் கண்ணைப் பெற்று ஒட்சிசனும் ஊட்டமும் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆட்டுக் கண்ணைத் திறந்ததும் பின்சுவரின் ஒரு பகுதி நீலப்பச்சையாக மின்னும். ஒளியைத் திருப்பியனுப்பும் அந்தப் படையின் மேலுள்ள நிறமேலணிக் கலங்களில் நிறப்பொருள் இராது. கறுப்பாக இருப்பதை மட்டும் நிறமேலணி என்று தேடினால் பாதியைத் தவறவிடுவீர்கள். பன்றிக் கண்ணில் இந்தச் சிக்கல் இல்லை.

கலத்தைத் தூக்கும்போது

ஒட்டி வளரும் கலத்தைப் பிரித்தெடுக்கும் இந்தப் படியில்தான் கலங்கள் அதிகம் இழக்கப்படுகின்றன. நிறமேலணிக் கலம் அடியில் ஒரு மென்சவ்வையும் பக்கத்தில் தன் அயல் கலங்களையும் பற்றிக்கொண்டே வாழ்கிறது. அந்தப் பிடியிலிருந்தே ‘வாழலாம்’ என்ற சைகை அதற்குக் கிடைக்கிறது. திரிப்சின் நொதியம் பிடியை அறுத்ததும் சைகை நிற்கிறது. சில மணித்தியாலங்களில் கலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் பாதையில் இறங்குகிறது. அனோய்கிசு என்று இதைச் சொல்வார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்தக் கலம் உருண்டையாக, பளிச்சென்று, மிக ஆரோக்கியமாகவே தெரியும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆகவே நொதியத்தை இட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். முதலில் கல்சியமும் மக்னீசியமும் இல்லாத உப்புக்கரைசலால் இரண்டு முறை கழுவுங்கள். ஊடகத்தின் சீரம் எஞ்சியிருந்தால் திரிப்சின் வேலை செய்யாது, நீங்கள் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். ஒவ்வொரு நிமிடமும் நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பெரும்பாலான கலங்கள் உருண்டதும் குடுவையை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். அசையத் தொடங்கினால் போதும், உடனே சீரம் கலந்த ஊடகத்தால் நொதியத்தை நிறுத்துங்கள். பிடிவாதமாக ஒட்டியிருக்கும் கடைசிப் பத்து சதவீதத்துக்காகக் காத்திருந்து ஏற்கெனவே எழும்பியவற்றைப் பலிகொடுக்காதீர்கள்.

கலங்கள் சளிபோலக் கட்டிப்பட்டால், உடைந்த கலங்களிலிருந்து வெளியே கசிந்த டிஎன்ஏ அவற்றை ஒட்டவைத்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். பிப்பெற்றால் ஓங்கி அடித்துக் கட்டியை உடைப்பது இன்னும் பலவற்றைக் கொல்லும். சிறிது டிஎன்ஏஸ் நொதியம் சேர்க்கலாம். அது இயங்க மக்னீசியம் வேண்டும், ஆகவே திரிப்சினோடு கலந்துவரும், மக்னீசியத்தைப் பிணைத்துவிடும் ஈடிடிஏயைக் கழுவி நீக்கிய பின்னரே சேருங்கள்.

ராக் தடுப்பான் என்றழைக்கப்படும் வை-27632 என்ற சேர்வை, தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட மனித மூலக்கலங்கள் பிழைக்க உதவுகிறது என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வழக்கமான அளவு 10 மைக்ரோமோலர். நிறமேலணிக்கும் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்தினால் பதிவேட்டில் கட்டாயம் எழுதுங்கள், அது இல்லாத ஒப்பீட்டுக் குழாய் ஒன்றையும் வையுங்கள். தகடாக மாற்றுபவர்கள் இந்தச் சிக்கலின் வேரையே தவிர்க்கிறார்கள்: அவர்களுடைய கலங்கள் பிடியை விடுவதேயில்லை. 2018இல் லண்டன் குழு தன் கலங்களை மெல்லிய பொலியெஸ்டர்ப் படலத்தின் மேல் வளர்த்து, படலத்தோடு சேர்த்தே இரண்டு நோயாளிகளின் கண்களில் வைத்தது. அறுவைச்சிகிச்சை கடினமாகிறது, கண்ணில் பெரிய வெட்டு வேண்டியிருக்கிறது. ஆனாலும் கலத்தின் பக்கமிருந்து பார்த்தால் தகடே நியாயமான வழி என்பது என் எண்ணம்.

பிரித்த கலங்களைச் சுழற்றிப் படியவைக்கும் மையநீக்கியின் வேகத்தைச் சுற்றுகளில் குறிக்காதீர்கள், ஈர்ப்பு மடங்கில் குறியுங்கள். கருவிக்குக் கருவி ஆரை மாறும். 15 சென்றிமீற்றர் ஆரையுள்ள மையநீக்கியில் 300 மடங்கு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,340 சுற்றுகள். ஐந்து நிமிடம் போதும்.

காத்திருக்கும் நேரம்

கலம் தயாராகிவிட்டது, அறுவைச்சிகிச்சை அறை தயாராகவில்லை. உலகெங்கும் நடக்கும் கதை இது. அந்த இடைவேளையில் கலத்தை எந்த வெப்பநிலையில் வைப்பது?

37 பாகைதான் கலத்துக்கு இயல்பு என்று இன்கியூபேட்டரில் குழாயை நிறுத்திவைப்பார்கள். குழாயின் அடியில் படிந்த கலங்கள் அந்த வெப்பத்தில் முழு வேகத்தில் இயங்கி, சுற்றியிருக்கும் ஒட்சிசனைத் தீர்த்துவிட்டு மூச்சுத்திணறி இறக்கும். சரி, குளிரூட்டியில் 4 பாகையில் வைக்கலாமா? அந்தக் குளிர் கலத்தின் உட்சட்டகமான நுண்குழாய்களைக் குலைக்கிறது. நோர்வே ஆய்வாளர்கள் வளர்ப்பிலுள்ள நிறமேலணிக் கலங்களை 4 பாகை தொடங்கி 37 வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து ஒப்பிட்டு, 16 பாகை சிறந்தது என்று கண்டார்கள். 2019இல் ஜப்பானியக் குழு ஒன்று தொங்கல் நிலையிலுள்ள கலங்களுக்கும் அதே 16 பாகையைச் சொன்னது.

நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் ஏறத்தாழ 16 பாகைதான். இதைக் கேட்டதும் புதியவர்களின் முகம் மலரும், மேசையிலேயே வைத்துவிடலாமே என்பார்கள். வேண்டாம். சராசரி என்பது விடியற்காலைப் பனியையும் நண்பகல் வெயிலையும் சேர்த்துக் கூட்டி வகுத்தது. கட்டுப்படுத்தப்பட்ட குளிர்ப்பெட்டியே வேண்டும்.

பைகாபனேற்று ஊடகம் இன்கியூபேட்டருக்கு வெளியே சில நிமிடங்களில் சிவப்பிலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். காபனீரொட்சைட்டு வெளியேறிப் பீஎச் ஏறுகிறது என்பதன் அடையாளம் அது. காத்திருக்கும் கலத்துக்கு பீஎச்சை நிலையாக வைக்கும் ஹெப்பெஸ் சேர்த்த ஊடகத்தைப் பயன்படுத்துங்கள், மூடியை இறுக மூடுங்கள்.

எண்ணுவது

திரிப்பன் நீலம் இறந்த கலத்துக்குள் புகும், உயிருள்ளதில் புகாது. 0.4 சதவீதக் கரைசலைச் சம அளவில் கலந்து, எண்ணும் கண்ணாடியின் நான்கு மூலைச் சதுரங்களில் நீலமேறாதவற்றை எண்ணுங்கள். நான்கிலும் சேர்த்து 200 என்றால் சராசரி 50; ஐதாக்கத்துக்காக 2ஆல் பெருக்கி, 10,000ஆல் பெருக்கினால் மில்லிலீற்றருக்கு 10 இலட்சம். அமெரிக்கச் சோதனையின் மிகப் பெரிய அளவு இதே செறிவுதான்: 150 மைக்ரோலீற்றரில் 1,50,000 கலங்கள். சாயம் கலந்த பின் ஐந்து நிமிடங்களுக்குள் எண்ணி முடியுங்கள். அதுவே கலத்துக்கு நஞ்சு, நேரம் போகப் போக நீலம் கூடும். நிறப்பொருள் நிறைந்த கலங்களில் கறுப்பா நீலமா என்று தடுமாறினால், நுணுக்குக்காட்டியின் குவியத்தை மேலும் கீழும் மெதுவாக அசைத்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள்.

இந்தச் சாயம் பதிலளிப்பது ஒரேயொரு கேள்விக்கு: இந்த நிமிடத்தில் மென்சவ்வு ஓட்டையாகிவிட்டதா? தன்னழிவுப் பாதையில் ஏற்கெனவே இறங்கிவிட்ட கலத்தின் மென்சவ்வு இன்னும் முழுமையாகவே இருக்கும்; அது உயிருள்ளதாக எண்ணப்பட்டுவிடும். குடுவையிலிருந்து எடுத்ததும் 95 சதவீதம் என்று எழுதி மகிழ்ந்தவர்கள் மறுநாள் காலியான தட்டைப் பார்ப்பது இதனால்தான்.

ஆகவே மூன்று முறை எண்ணுங்கள். கலத்தைத் தூக்கியதும் ஒருமுறை. காத்திருப்பும் பயணமும் முடிந்து ஊசியின் வழியே வெளியே வந்ததும் ஒருமுறை. அதே துளியை வளர்ப்புத் தட்டில் இட்டு, 24 மணித்தியாலம் கழித்து ஒட்டியிருப்பவை எத்தனை என்று ஒருமுறை. நோயாளிக்கோ விலங்குக்கோ கொடுத்த அளவு என்று அறிக்கையில் எழுத வேண்டியது இரண்டாவது எண். கலத்தின் தரம் என்று எழுத வேண்டியது மூன்றாவது. முதலாவது எண் உங்கள் கைப்பழக்கத்தை அளக்க மட்டும்.

ஊசி

விழித்திரையின் அடியில் செலுத்தும் நுண்குழாய்கள் 38 அல்லது 41 கேஜ் அளவில் இருக்கும், மயிரிழை போன்றவை. அவசரமாக அழுத்தினால் உரசலிலேயே கலங்கள் கிழியும். மெதுவாக அழுத்தினால் வேறொரு பிரச்சினை: நிறமேலணிக் கலம் பாரமானது, சில நிமிடங்களில் சிரிஞ்சின் அடியில் படிந்துவிடும், முதல் துளியில் ஏராளம், கடைசித் துளியில் வெறும் நீர். பிளாஸ்திக்குச் சுவரிலும் கணிசமானவை ஒட்டிக்கொள்ளும். ஏற்றுவதற்குச் சற்று முன் மெதுவாகக் கலக்கிவிடுங்கள், சிரிஞ்சைக் கிடையாக வைத்துச் சுழற்றிக்கொண்டே இருங்கள், குழாயை முன்கூட்டியே அல்புமின் கரைசலால் நனையுங்கள். செயன்முறையில் பயன்படுத்தப்போகும் அதே சிரிஞ்சு, அதே நுண்குழாய், அதே வேகத்தில் தட்டொன்றில் செலுத்திப் பார்த்து எண்ணாமல் எந்த விலங்கையும் தொடாதீர்கள். ஓர் உயிரை வீணாக்காமல் இருக்க நாம் செய்யக்கூடிய குறைந்தபட்சம் அது.

கலம் கண்ணின் உட்புறத்தை நிரப்பும் கண்ணாடித்திரவத்துக்குள் பின்னோக்கிக் கசிவதும் ஆபத்து. அங்கே சென்ற நிறமேலணிக் கலங்கள் இழைபோன்ற சவ்வுகளாக வளர்ந்து விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடக்கூடும்.

வீதியும் மின்சாரமும்

கண்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். கடுகண்ணாவை வளைவுகளும் நெரிசலும் சேர்ந்தால் மூன்று நான்கு மணித்தியாலம் சாதாரணம். மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் எதுவும் சொல்ல முடியாது. அனுப்பும் குழாயை ஊடகத்தால் விளிம்புவரை நிரப்புங்கள், காற்றிடைவெளி இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் திரவம் மோதி நுரைக்கும். வெப்பநிலையைப் பதியும் சிறு கருவி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். சேரும் இடத்தில் எண்ணுவதற்கான கண்ணாடியும் சாயமும் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெறுமதியான கலங்களின் ஒரே பிரதியை மின்சாரத்தை நம்பிய ஆழ்குளிரூட்டியில் வைக்காதீர்கள். திரவ நைதரசன் மின்சாரம் கேட்பதில்லை, -196 பாகையில் தானாக இருக்கும். அதன் மட்டத்தைக் கிழமைதோறும் அளந்து எழுதுவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

பச்சை ஒளியை நம்பிவிடாதீர்கள்

மாற்றிய கலத்தை அடையாளம் காண, பச்சையாக ஒளிரும் புரதத்தை அதற்குள் வைப்பது வழக்கம். சில கிழமைகளில் விழித்திரையில் பச்சை ஒளிரும் கலங்கள் தெரிந்தால் ‘பிழைத்துவிட்டன, இணைந்துவிட்டன’ என்று எழுதுவார்கள். எலிகளில் ஒளிவாங்கி மாற்று வெற்றி என்று 2006 முதல் வந்த முடிவுகள் பலவும் அப்படி எழுதப்பட்டவை. 2016இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து, அந்தப் பச்சைக் கலங்களில் பெரும்பாலானவை எலியின் சொந்தக் கலங்களே, கொடைக் கலத்திலிருந்து புரதம் அவற்றுக்குள் கடந்திருக்கிறது என்று காட்டின. கொடைக் கலத்தின் கருவையே அடையாளம் காணும் முறை ஒன்றையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஆணின் கலத்தைப் பெண் விலங்கில் வைத்து வை நிறமூர்த்தத்தைத் தேடுவது அவற்றில் ஒன்று.

வீட்டில் கேட்கும்போது

இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் லயத்திலிருந்தும் டவுனிலிருந்தும் ஆட்கள் கேட்பார்கள்: ‘மூலக்கலம் ஏற்றினால் அம்மாவுக்குக் கண் வருமாமே?’ உலகில் எங்குமே விழித்திரைக் கல மாற்று இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். பணம் கேட்டுச் செய்யும் இடங்களைப் பற்றி எச்சரியுங்கள். புளோரிடாவில் ஒரு நிலையத்தில் 5,000 டொலர் கட்டி, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை இரண்டு கண்களிலும் ஏற்றிக்கொண்ட மூன்று பெண்கள் கடுமையாகப் பார்வை இழந்தது 2017இல் மருத்துவ இதழில் பதிவானது. கேட்பவருக்கு நீரிழிவு இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பாதிப்பை நேரத்தோடு கண்டால் இன்றிருக்கும் சிகிச்சையே பார்வையைக் காக்கும்.

முதல் மாதத்தில் செய்ய ஒரு பரிசோதனை

ஏஆர்பிஈ-19 குடுவை ஒன்றிலிருந்து கலங்களைத் தூக்கி, மூன்று குழாய்களில் சமமாகப் பிரித்து, 4, 16, 37 பாகைகளில் வையுங்கள். தொடக்கத்திலும் 2, 6, 24 மணித்தியாலங்களிலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளியை ஊசி வழியே எடுத்து எண்ணுங்கள். அதே துளியின் மறுபாதியைத் தட்டில் இட்டு மறுநாள் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் ஒரே வரைபில் குறியுங்கள். மூன்று வேறு குடுவைகளில், மூன்று வேறு நாட்களில் இதைத் திரும்பச் செய்துவிட்டு வரைபைப் பொறுப்பாளரிடம் கொண்டுபோங்கள். அதன் பிறகு ஆட்டுக் கண் கேட்கலாம்.